மெல்லிய கோடு விழ வேண்டிய இடம்

ரோமன் எழுத்துருக்களில் ஒரு குடும்பத்தைப் பார்த்ததுமே அடையாளம் சொல்லிவிடலாம். செங்குத்துக் கோடுகள் நன்றாகத் தடித்திருக்கும். கிடைக்கோடுகளும் இணைப்புக் கோடுகளும் மயிரிழையாக மெலிந்திருக்கும். கோடு முடியும் இடத்தில் செரிஃப் எனப்படும் சிறு குறுக்குக்கோடு, சரிவோ வளைவோ இல்லாமல் நேராக வெட்டி நிற்கும். வோக், ஹார்ப்பர்ஸ் பஜார் ஆகிய பத்திரிகைகளின் முகப்பெழுத்து இந்த வகைதான். நகைக்கடைப் பெயர், வாசனைத் திரவியப் புட்டி, கல்யாணப் பத்திரிகை என்று பகட்டும் நேர்த்தியும் வேண்டிய இடங்களில் இதற்கு மவுசு அதிகம். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை நெய்யாற்றின்கரை, அமரவிளை, உதியன்குளங்கரை, பாறசாலை, இஞ்சிவிளை என்று கடந்து களியக்காவிளையில் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. இந்தச் சில கிலோமீட்டர்களுக்குள் பெயர்ப்பலகைகளில் மலையாளம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் நின்றாக வேண்டும். ஆங்கிலப் பெயரை இப்படியொரு தலைப்பெழுத்தில் அமைத்துவிட்ட பிறகு, அதே பெயரைத் தமிழில் எந்த உருவில் வைப்பது? ஆங்கிலத்தின் விதியை அப்படியே தமிழெழுத்துக்கு மாட்டிவிடுவதுதான் சுலபமான விடை. அது தவறான விடையும் கூட. தமிழில் தடித்த கோடும் மெல்லிய கோடும் இடம் மாறி விழ வேண்டும். அதற்கான காரணம் ரசனையைவிட வடிவக் கணக்கில்தான் அதிகம் இருக்கிறது. இதை நிறுவுவதே இந்தக் கட்டுரையின் வேலை.

முதலில் ஐரோப்பியக் கதை. இந்த எழுத்தின் பலமும் பலவீனமும் அதில்தான் தெரிகின்றன. பர்மிங்காமில் ஜான் பாஸ்கர்வில் 1757இல் வெர்ஜிலின் கவிதைகளை அச்சிட்டபோது, அதுவரை இருந்ததைவிடக் கூர்மையான எழுத்தைத் தானே உருவாக்கினார். அந்தக் கூர்மை தாளில் நிலைக்க வேண்டுமே என்று வழவழப்பான புதுவகைத் தாளையும் அடர்ந்த கறுப்பு மையையும் சேர்த்தே தேடினார். பாரிஸில் ஃபிர்மின் டிடோ 1784 வாக்கில் இந்தப் போக்கை அதன் எல்லைக்கே கொண்டுபோனார். இத்தாலியின் பார்மா நகரில் ஜாம்பாட்டிஸ்டா போடோனி ஆயுள் முழுவதும் இதே வேலையைச் செய்து 1813இல் இறந்தார்; அவருடைய எழுத்து மாதிரிகளை 1818இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டவர் அவர் மனைவி. மூவருக்கும் முன்னால் இருந்தது கூர்முனைப் பேனாவின் கையெழுத்து. அந்தப் பேனாவைக் கீழ்நோக்கி அழுத்தி இழுத்தால் முள் பிளந்து கோடு தடிக்கும். பக்கவாட்டில் நகர்த்தினால் மெலியும். செங்குத்துக் கோடு தடிப்பதும் கிடைக்கோடு மெலிவதும் கருவி கொடுத்த பழக்கம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் ராபர்ட் தார்ன் போன்ற எழுத்து வார்ப்பாளர்கள் தடித்த கோட்டை இன்னும் பருக்க வைத்துச் சுவரொட்டிகளுக்கான எழுத்தை வார்த்தார்கள். நல்ல தாள், நல்ல மை, பெரிய அளவு ஆகிய மூன்று நிபந்தனைகளும் இந்த எழுத்தின் பிறப்பிலேயே இருக்கின்றன. ஒன்று தவறினாலும் அது சரிந்துவிடும்.

ஏன் சரிகிறது என்பதற்குக் கண்ணின் இயல்பிலேயே விடை உண்டு. குறையற்ற பார்வை உள்ளவர் இரண்டு புள்ளிகளைத் தனித்தனியாகப் பிரித்தறிய, அவற்றின் இடைவெளி கண்ணில் ஒரு பாகையில் 60இல் ஒரு பங்கு கோணத்தையாவது உண்டாக்க வேண்டும். 40 செ.மீ. தொலைவில் பிடித்து வாசிக்கும் தாளில் அந்தக் கோணம் சுமார் 0.12 மி.மீ. இப்போது 24 பாயிண்ட் அளவில் ஒரு தலைப்பெழுத்தை எண்ணிக்கொள்வோம். அதன் மயிரிழைக் கோடு 0.1 மி.மீ. என்று வைப்போம். கறுப்பு மை, வெள்ளைத் தாள் என்றால் அது தெளிவாகவே தெரியும், எல்லைக்கோட்டில் நிற்பதால் ஒருவித மினுமினுப்போடு தெரியும். அந்த மினுமினுப்புதான் இந்த எழுத்தின் கவர்ச்சி. அதே எழுத்தை 10 பாயிண்டுக்குச் சுருக்கினால் மயிரிழை 0.04 மி.மீ. ஆகிவிடுகிறது. கண்ணுக்கு அது சாம்பல் நிறப் பூச்சாகத்தான் படும். அச்சில் பாதி இடங்களில் விட்டுப்போகும். ஈய எழுத்துக் காலத்தில் ஒவ்வோர் அளவுக்கும் தனித்தனி அச்சு வெட்டினார்கள். சிறிய அளவுக்கு வெட்டும்போது மெல்லிய கோட்டைக் கொஞ்சம் தடிக்க வைத்தார்கள். கணினி வந்த பிறகு ஒரே வடிவத்தைப் பெருக்கியும் சுருக்கியும் பயன்படுத்தும் பழக்கம் வந்து, அந்த அறிவு நீண்ட நாள் காணாமல் போயிருந்தது. 2016இல் அறிவிக்கப்பட்ட மாறும் எழுத்துருத் தொழில்நுட்பத்தில் எழுத்தளவுக்கு ஏற்ப மெல்லிய கோட்டைத் தானாகத் தடிக்கச் செய்ய வழி இருக்கிறது. இனி எந்த எழுத்தையும் எங்கும் போடலாமே என்று இதை வைத்து வாதிடலாம். ஆனால் சிறிய அளவில் கோட்டைத் தடிக்க வைத்த கணமே அது தடிமன் வேறுபாடு மிகுந்த எழுத்தாக இருப்பதை நிறுத்திவிடுகிறது. ஆகவே அந்த வசதி இந்த எழுத்தின் எல்லையை அழிப்பதில்லை, எல்லை எங்கே இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறது.

இனி தமிழுக்கு வருவோம். எந்த எழுத்தையும் சோதிக்க ஓர் எளிய முறை உண்டு. எழுத்தின் நடு உயரத்தில் இடமிருந்து வலமாக ஒரு கற்பனைக் கோடு போட்டு, அது எத்தனை முறை மையைக் கடக்கிறது என்று எண்ணுவது ஒன்று. மேலிருந்து கீழாகப் போட்டு எண்ணுவது இன்னொன்று. ஆங்கிலச் சிறிய எழுத்து 'என்' குறுக்கே இரண்டு முறை கடக்கப்படுகிறது. 'ஈ', 'ஏ', 'எஸ்' ஆகியவை மேலிருந்து கீழாக மும்மூன்று முறை கடக்கப்படுகின்றன. அதாவது ரோமன் சிறிய எழுத்தில் நெரிசல் உயரத்தில்தான். குறுகிய உயரத்துக்குள் மூன்று கிடைக்கோடுகள் அடங்க வேண்டும் என்பதால் அவை மெலிந்தே ஆக வேண்டும்; தடிமனை எல்லாம் செங்குத்துக் கோட்டில் ஏற்றலாம், அங்கே இடம் இருக்கிறது. கூர்முனைப் பேனா தந்த பழக்கம் ரோமன் எழுத்தின் வடிவத்தோடு ஒத்துப்போனதால்தான் போடோனியின் எழுத்து நின்றது. தமிழில் 'ண' எழுதிப் பாருங்கள். குறுக்கே போட்ட கோடு ஐந்தாறு முறை மையைக் கடக்கும். மேலிருந்து கீழாகப் போட்டால் பெரும்பாலான இடங்களில் ஒன்றோ இரண்டோதான். 'ற', 'ன', 'ை', 'ஸ', 'ா', 'ய', 'ம' எல்லாவற்றிலும் நெரிசல் அகலத்தில்தான் இருக்கிறது. இங்கே செங்குத்துக் கோட்டைத் தடிக்க வைத்தால் 'ண'வின் வளைவுகளுக்கு நடுவிலுள்ள வெள்ளை இடம் அடைபட்டு, எழுத்து ஒரு கறுப்புத் திட்டாகிவிடும். அடைபடாமல் இருக்க வேண்டுமானால் எழுத்தை அளவுக்கு மீறி அகட்ட வேண்டும். தடிமனைக் கிடைக்கோட்டில் ஏற்றினால் இரண்டு சிக்கலும் இல்லை. 'ப'வின் அடிக்கோடும் 'ண'வின் மேல்வளைவும் எவ்வளவு வேண்டுமானாலும் கனக்கலாம். அவற்றை நெருக்க மேலும் கீழும் யாரும் இல்லை. பழைய ஈய எழுத்துப் புத்தகங்களைக் கவனித்தவர்களுக்கு இது புதிதாக இராது. தமிழ் அச்செழுத்துகளில் பெரும்பாலும் கிடைக்கோடு தடித்தும் செங்குத்துக் கோடு மெலிந்தும் இருப்பதைக் காணலாம். இன்றைய நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவின் மிகத் தடித்த வடிவத்திலும் அதே அமைப்புதான். இந்தக் கணக்குக்கு அடங்காத எழுத்துகளும் உண்டு. 'இ', 'ஞ', 'ஜ' மூன்றிலும் உயரத்திலும் நெரிசல் இருக்கிறது. அவற்றில் ஏதாவது ஒரு கிடைக்கோட்டை மெலிய விட்டுத்தான் தீர வேண்டும். விதிக்கு விலக்கு இருக்கிறது என்பதால் விதி இல்லை என்றாகாது. ஒரு பக்கத்தில் 'ஞ' எத்தனை முறை வருகிறது, 'ப', 'ம', 'ற', 'ன', 'ா' எத்தனை முறை வருகின்றன என்று பார்த்தால் எந்தத் திசைக்கு முன்னுரிமை என்பது விளங்கும்.

இதற்கு எழக்கூடிய முதல் மறுப்பு மரபிலிருந்து வரும். ஓலையில் எழுத்தாணியால் கீறிய கோட்டுக்குத் தடித்தல் மெலிதல் கிடையாது. எல்லாக் கோடும் ஒரே கனம். கல்வெட்டும் ஏறக்குறைய அப்படித்தான். ஆகவே தடிமன் வேறுபாடு என்பதே தமிழுக்கு வெளியிலிருந்து வந்த பூச்சு, அதில் எந்தத் திசை சரி என்ற பேச்சே வீண் என்று ஒருவர் சொல்லலாம். இந்த மறுப்பில் உண்மை இருக்கிறது. ஆனால் வெளியிலிருந்து வந்தது எவ்வளவு காலத்துக்கு முன்னால், எங்கே வந்து இறங்கியது என்பதையும் பார்க்க வேண்டும். தமிழெழுத்தில் இந்தியாவில் அச்சான முதல் நூலான தம்பிரான் வணக்கம், 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் வெளிவந்தது. பாறசாலையிலிருந்து வடக்கே சுமார் 100 கிலோமீட்டரில் இருக்கும் அதே கொல்லம். 16 பக்கமே உள்ள அந்த நூலுக்காக, 1577இல் கோவாவில் வெட்டிய எழுத்துகள் போதாமல் கொல்லத்தில் புதிதாக ஒரு தொகுதி வெட்டப்பட்டது. அதன் கடைசிப் பக்கத்தில் இரண்டு தொகுதிகளின் மாதிரியும் அச்சிடப்பட்டிருக்கின்றன. ஓர் எழுத்தைச் செய்து பார்த்து, போதாது என்று கண்டு, மறுபடி செய்யும் வேலை தமிழில் தொடங்கியது இந்தக் கரையில்தான். பிறகு 1820 வாக்கில் லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மீட் நாகர்கோவிலில் அச்சகம் வைத்தார். 1821இல் பெஞ்சமின் பெய்லி கோட்டயத்தில் சி.எம்.எஸ். அச்சகத்தைத் தொடங்கி, சதுரமாக இருந்த மலையாள அச்செழுத்துக்கு மாற்றாக உருண்டை எழுத்தைத் தானே உருவாக்கினார். சென்னை அமெரிக்கன் மிஷன் அச்சகத்தில் பி. ஆர். ஹண்ட் தமிழெழுத்தை நுணுக்கிச் சிறிதாக்கி, அதைக் கொண்டு 1862இல் வின்ஸ்லோ அகராதியை அச்சிட்டார். நான்கரை நூற்றாண்டாக ஈயத்திலும் தாளிலும் புழங்கிய வடிவத்தை இனியும் அந்நியம் என்று ஒதுக்குவது வரலாற்றுக்குப் பொருந்தாது. ஓலை நமக்கு விட்டுச்சென்றது கோட்டின் கனத்தை அல்ல, எழுத்தின் எலும்புக்கூட்டை. அந்த எலும்புக்கூடு அகலவாக்கில் நெருக்கமானது என்பதால்தான் தடிமன் எந்தப் பக்கம் போக வேண்டும் என்ற கேள்வியே எழுகிறது.

செரிஃப் விஷயத்தில் மட்டும் மரபுவாதியின் பக்கம் நான் நிற்கிறேன். ரோமன் எழுத்தின் காலடியில் நிற்கும் அந்தச் சிறு குறுக்குக்கோட்டைத் தமிழெழுத்தின் எல்லா முனைகளிலும் ஒட்டினால் அழகு வராது, எழுத்தே மாறிவிடும். 'ா' என்ற காலையும் 'ர'வையும் பிரிப்பது காலடியில் சாய்ந்து நிற்கும் ஒரு சிறு கோடு மட்டுமே. ஓலைச் சுவடிகளில் இரண்டும் ஒன்றுபோலவே எழுதப்பட்டதால் பாட வேறுபாடுகள் பல முளைத்தன என்பது பதிப்பாசிரியர்கள் நன்கறிந்த செய்தி. அச்சு வந்து அந்தக் குழப்பத்தைத் தீர்த்து வைத்தது. கால் எழுத்தின் அடியில் ஒரு செரிஃபை நட்டால், தீர்த்த குழப்பத்தை மீண்டும் கூப்பிட்டு உட்கார வைத்ததாகும். முனையைத் தமிழ் வேறு விதமாக முடிக்கலாம்: தடித்த கிடைக்கோடு சற்றே சரிந்து வெட்டுப்படலாம், சுழி தொடங்கும் இடத்தில் ஒரு துளிபோல் திரளலாம், 'ற', 'ழ' ஆகியவற்றின் வால் மெலிந்து கூராகலாம். செரிஃப் செய்கிற வேலை கோட்டின் முடிவை உறுதியாகக் காட்டுவதுதான். அந்த வேலையை இவை செய்கின்றன. புள்ளியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 'க'வுக்கும் 'க்'குக்கும் நடுவே நிற்பது ஒரு புள்ளி. தடிமன் வேறுபாடு மிகுந்த எழுத்தில் புள்ளியை மெல்லிய கோட்டின் அளவுக்குச் செய்தால் அது தூசியாகிவிடும். தடித்த கோட்டின் கனத்துக்குப் புள்ளி வர வேண்டும், அப்போதும் அது எழுத்தின் மேல்வளைவை முட்டாமல் இருக்க வேண்டும். தமிழ்த் தலைப்பெழுத்து வரைபவர் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இது என்றே நினைக்கிறேன்.

தூரம் இன்னொரு விதத்தில் எழுத்தைச் சோதிக்கிறது. சாலையோரப் பலகையில் 30 செ.மீ. உயரமுள்ள தமிழெழுத்து; தடித்த கோடு 6 செ.மீ., மெல்லிய கோடு 7.5 மி.மீ. என்று கொள்வோம். 50 மீட்டருக்கு அப்பாலிருந்து பார்க்கும்போது, முன்பு சொன்ன எல்லைக் கோணம் 14.5 மி.மீ. தடித்த கோடு அதைவிட நான்கு மடங்கு. கண்ணில் திடமாக விழும். மெல்லிய கோடு பாதிதான். பின்புலத்தோடு கரைந்து வெளிறிப்போகும். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் பேருந்தில் இருப்பவருக்கு அந்த 50 மீட்டரைக் கடக்க 3 விநாடிதான் ஆகும். அதற்குள் அவர் கண்ணில் மிஞ்சுவது கிடைக்கோடுகளின் வரிசை மட்டுமே. 'ட'வும் 'ப'வும் வேறுபடுவது வலப்பக்கச் செங்குத்துக் கோடு ஒன்றினால்; அந்தக் கோடு கரைந்தால் 'ப'வை 'ட' என்றுதான் வாசிக்க நேரும். நடுவில் நிற்கும் கோடு கரைந்தால் 'ய' 'ப'வாகிவிடும். இங்கே அறிவியல் தெரிந்த வாசகர் ஒரு தடை எழுப்பலாம்: தூரத்து மின்கம்பியைக்கூட வானத்தின் பின்னணியில் பார்த்துவிடுகிறோமே, கண் அவ்வளவு மோசமா? உண்மைதான். ஹெக்ட், மின்ட்ஸ் என்ற இருவர் 1939இல் செய்த சோதனையில், பிரகாசமான பின்னணியில் தனித்து நிற்கும் கரிய கோடு ஒரு பாகையில் 7200இல் ஒரு பங்கு தடிமன் இருந்தாலே போதும், கண் அதை உணர்கிறது என்று கண்டார்கள். ஆனால் அது தனித்து நிற்கும் கோடு. எழுத்தில் மெல்லிய கோடு தனியே நிற்பதில்லை. தடித்த கோட்டை ஒட்டி நிற்கிறது. தடித்த கோட்டின் மங்கல் விளிம்பு பக்கத்திலுள்ள மெல்லிய கோட்டின் மீது படிகிறது, அதன் வெளிறிய சாயலை விழுங்குகிறது. ஒரு கோடு இருக்கிறது என்று உணர்வது வேறு, அது எந்த எழுத்தின் எந்த உறுப்பு என்று பிரித்தறிவது வேறு. வாசிப்புக்கு இரண்டாவதுதான் வேண்டும். இரவில் உள்ளே விளக்கெரியும் பலகை என்றால் சிக்கல் கூடும்: வெளிச்சப் பின்னணி பரவிக் கரிய மயிரிழையை இருபுறமும் அரித்துவிடும். வயது ஏறிய கண்களுக்கு இது இன்னும் கடுமை.

அப்படியானால் எல்லா இடத்திலும் ஒரே கனமுள்ள கோட்டையே பயன்படுத்திவிடலாமே, பாதுகாப்பாக இருக்குமே என்பது அடுத்த மறுப்பு. எழுத்தாணி மரபுக்கும் அதுவே நெருக்கம். கேரளத்தில் இந்தத் திசையில் மதிக்கத்தக்க வேலை நடந்திருக்கிறது. சுவதந்த்ர மலையாளம் கம்ப்யூட்டிங் என்ற கூட்டமைப்பு 2016இல் வெளியிட்ட, சந்தோஷ் தோட்டிங்கல் வடிவமைத்த மஞ்சரி எழுத்துரு, முனைகள் உருண்ட சீரான கோட்டில் மலையாளத்தின் வளைவுகளைச் சுருள்வளைவுக் கணிதம் கொண்டு அமைத்தது. அதே கூட்டமைப்பிடமிருந்து மீரா இனிமை என்ற தமிழ் எழுத்துருவும் வந்திருக்கிறது. மலையாள எழுத்துக்காக உழைத்தவர்கள் தமிழுக்கும் ஓர் எழுத்துருவை யாரும் விலையின்றி எடுத்தாளும்படி கொடுத்திருப்பது எல்லையின் இருபுறமும் நன்றியோடு நினைக்க வேண்டிய செயல். சாதாரண வாசிப்புக்கும் கைப்பேசித் திரைக்கும் வழிகாட்டிப் பலகைக்கும் இந்தச் சீரான கோடுதான் ஏற்றது என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் தலைப்பு என்று வந்து, எழுத்து கனக்க வேண்டும் என்று வந்தால், சீரான கோடு 'ண'விடம் தோற்றுப்போகிறது. ஐந்தாறு செங்குத்துக் கோடுகளையும் ஒரே கனத்தில் பருக்க வைக்க முடியாது. ஒன்று எழுத்து அகன்று வரிக்குள் அடங்காமல் போகும், இல்லையென்றால் சுழிகள் தூர்ந்துவிடும். செங்குத்தை மெலியவிட்டுக் கிடையைக் கனக்க வைக்கும்போதுதான் தமிழெழுத்து உண்மையிலேயே கனமாக ஒலிக்க முடிகிறது. ஆகவே தமிழ்த் தலைப்பெழுத்தில் தடிமன் வேறுபாடு நகையலங்காரம் மட்டுமல்ல. கனத்தைத் தாங்குவதற்கான கட்டுமானம். ரோமன் எழுத்துக்கு அது விருப்பம், தமிழுக்கு ஏறக்குறையத் தேவை.

மலையாளம் பக்கத்தில் நிற்கும்போது கணக்கு இன்னும் சுவையாகிறது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கோடு போட்டது ஆட்சிக்கு. பேச்சும் வாசிப்பும் இருபுறமும் கலந்தே இருக்கின்றன. தினமலர் நாளிதழ் 1951 செப்டம்பரில் தொடங்கியதே திருவனந்தபுரத்தில்தான், பிறகே அது திருநெல்வேலிக்குப் போனது. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியிலேயே அரசுக்கு எழுத இடம் கொடுக்கிறது. இப்படி இரண்டு எழுத்தும் ஒரே தாளில் வர வேண்டிய ஊர்களில், இரண்டையும் ஒன்றுபோலக் காட்ட வேண்டும் என்ற ஆசை இயல்பு. ஆனால் மலையாள எழுத்தின் நெரிசல் தமிழைப் போல ஒரு பக்கமாக இல்லை. அதன் 'ண'வும் 'ன'வும் தமிழைப் போல அகலத்தில் நெருங்குகின்றன. கூட்டெழுத்துகளோ ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கப்பட்டு உயரத்தில் நெருங்குகின்றன. 1971இல் கேரள அரசு கொண்டுவந்த எழுத்துச் சீர்திருத்தம் தட்டச்சுக்காகப் பல கூட்டெழுத்துகளையும் உகர வடிவங்களையும் பிரித்துவிட்டது; 1999 முதல் ரசனா இயக்கம் பழைய எழுத்தின் முழு வடிவத்தைக் கணினியில் மீட்டது. பழைய எழுத்தைத் தேர்ந்தால் கிடைக்கோட்டைக் கட்டுப்படுத்த வேண்டும், புதிய எழுத்தைத் தேர்ந்தால் கொஞ்சம் தாராளமாகக் கனக்க விடலாம். தமிழில் 1978இல் தமிழ்நாடு அரசு ஏற்ற சீர்திருத்தம் 'ணை', 'லை', 'றா' போன்ற எழுத்துகளின் தனி வடிவங்களை நீக்கியது. அதனால் உயரத்தில் இருந்த கொஞ்சநஞ்ச நெரிசலும் குறைந்து, அகலத்தில் இன்னொரு குறி கூடியது. ஆக ரோமன், தமிழ், மலையாளம் மூன்று எழுத்துக்கும் தடிமன் போக வேண்டிய திசை மூன்று விதம். ஒரே பலகையில் ஒத்திசைவு வேண்டுமென்றால் திசையை ஒன்றாக்கக் கூடாது. மொத்தக் கறுப்பின் அளவையும், தடித்ததற்கும் மெலிந்ததற்கும் உள்ள விகிதத்தையும், முனைகளை முடிக்கும் கூர்மையையும் ஒன்றாக்க வேண்டும். திசை அந்தந்த எழுத்தின் உரிமை.

எங்கே பயன்படுத்தலாம் என்பதற்கு மேலே சொன்னவற்றிலேயே விடை இருக்கிறது. கைக்கெட்டும் தூரத்தில், நல்ல தாளில், பெரிய அளவில் வாசிக்கப்படுபவை இந்த எழுத்தின் சொந்த வீடு: கல்யாணப் பத்திரிகையில் மணமக்கள் பெயர், கவிதைத் தொகுப்பின் அட்டை, வார இதழின் தலைப்பு, விழா மலரின் முகப்பு, கடைக்குள் சுவரில் பதித்த பெயர். நாளிதழின் முதல் பக்கத் தலைப்புக்கும் பொருந்தும். ஆனால் செய்தித்தாளில் மை பரவும் என்பதால் மயிரிழையைச் சற்று முரட்டாக்க வேண்டும், பரவிய பிறகும் சுழி திறந்திருக்கும்படி வெள்ளை இடம் விட வேண்டும். பேருந்தின் ஊர்ப்பலகை, மருந்துச் சீட்டு, எச்சரிக்கை அறிவிப்பு, பள்ளிப் பாடநூலின் உள்பக்கம் ஆகியவற்றுக்கு இது கூடவே கூடாது. கேரள அரசு 2019இல் பி.வி.சி. ஃபிளக்ஸைத் தடை செய்த பிறகு துணிப் பலகைகள் மறுபடி வந்திருக்கின்றன. துணியின் நெசவில் மை ஊறும்போது மெல்லிய கோடு தன் விளிம்பை இழக்கும், ஆகவே துணியில் இந்த எழுத்தைப் போடுபவர் முதலில் ஒரு துண்டில் அச்சிட்டு உலர வைத்துப் பார்ப்பது நல்லது. வெட்டி ஒட்டும் ஸ்டிக்கர் எழுத்தில் முதலில் உரிவது மயிரிழைதான்.

ஓர் எழுத்துரு இந்த ஊர்களுக்கு உதவுமா என்று அறிய, ஊர்ப் பெயர்களையே சோதனைச் சொற்களாக வைக்கலாம். 'பாறசாலை' என்று எழுதினால் 'ப', 'ா', 'ற' மூன்றிலும் சேர்ந்து ஏழு செங்குத்துக் கோடுகள் அடுத்தடுத்து வருகின்றன. 'ப' கீழே மூடியது, மற்ற இரண்டும் மேலே மூடியவை. செங்குத்தைத் தடிக்க வைத்த எழுத்தில் இந்த இடம் வேலிக் கம்புகளின் வரிசையாகிவிடும். கிடையைத் தடிக்க வைத்ததில், கீழே ஒரு கனத்த பட்டையும் மேலே கனத்த வளைவுகளுமாக, எழுத்து மேலும் கீழும் மாறி மாறி நடக்கும். அங்கே மெல்லிய செங்குத்து எந்த அளவுக்கு மெலியலாம் என்பதை 24 பாயிண்டில் ஒருமுறை, 30 செ.மீ. உயரத்தில் பத்து மீட்டர் தள்ளி நின்று ஒருமுறை பார்க்க வேண்டும். 'களியக்காவிளை'யில் 'க்'கின் புள்ளி இரு 'க'வின் கனத்துக்கு நடுவில் தன் இடத்தைப் பிடித்து நிற்கிறதா, 'வி'யின் மேல்சுழி திறந்திருக்கிறதா என்று பார்க்கலாம். எல்லாவற்றிலும் கடினமான சோதனை 'நெய்யாற்றின்கரை'. மூன்று புள்ளிகள், இரண்டு 'ற', ஒரு 'ா', ஒரு 'ர', இரண்டு முன்கொக்கிகள் எல்லாம் ஒரே சொல்லில். அந்தச் சொல்லில் காலும் ரகரமும் ஐயமின்றிப் பிரிந்து, மூன்று புள்ளிகளும் ஒரே கனத்தில் தெரிந்து, இரண்டு றகரங்களின் வளைவுக்குள்ளும் வெள்ளை மிஞ்சியிருந்தால், அந்த எழுத்துருவை நம்பித் தலைப்பில் வைக்கலாம்.